ஏரிக்கரை யாருடைய சொத்து? சிகாகோவிலிருந்து ஒரு குடிமையியல் பாடம்

'மெரினா என்றால் என்ன?' என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கடற்கரை, சுண்டல், உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம் என்று விடைகள் வந்துகொண்டே இருக்கும். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கடலோரத்தில் உலாப்பாதை அமைத்து, இத்தாலிய நினைவில் அப்பெயரைச் சூட்டினார். நமக்கு அது ஓர் இடத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. தனியார் தங்கள் சொந்தப் படகுகளைக் கட்டி வைக்கும் துறைக்குத்தான் அங்கே மெரினா என்று பெயர். மிதவை நடைமேடைகள், குடிநீர், மின்சாரம், எரிபொருள், பழுதுபார்க்கும் பட்டறை என எல்லாம் அங்கே இருக்கும். உதகையிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் உள்ள படகு இல்லங்களில் நாம் சீட்டு வாங்கி அரை மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறோம். படகு நம்முடையது அல்ல. அங்கே படகு ஒருவருடைய சொந்தச் சொத்து. அது நிற்கும் தண்ணீர் யாருடையது? தண்ணீருக்கு அடியில் உள்ள தரை யாருடையது? கரையில் நடந்துபோக எல்லோருக்கும் உரிமை உண்டா? இதையெல்லாம் யார் முடிவு செய்வது, மாநகராட்சியா, மாநில அரசா, நடுவண் அரசா?

உள்ளாட்சி பற்றிய பாடத்தை அமைப்பு, உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம் என்று மட்டும் நடத்தி முடித்துவிடும் நமக்கு இந்தக் கேள்விகள் நல்ல வாசல். இவற்றுக்கு மிக விரிவாகப் பதில் தேடிய ஊர் சிகாகோ. நம் மாணவர்களுக்கு அது மே தினத்தாலும் விவேகானந்தராலும் அறிமுகமான ஊர்தான்.

மைல் கணக்கில் விற்கப்பட்ட ஏரி

சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிடக் கூடாது. அதன் பரப்பு ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பான 1,30,000 சதுர கிலோமீட்டரில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது.

1836-இல் ஒரு கால்வாய் வெட்டும் செலவுக்காக மனைகளை விற்றார்கள். அப்போது தயாரித்த வரைபடத்தில், ஏரியை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தின்மேல் ஆணையர்கள் ஒரு குறிப்பை எழுதி வைத்தார்கள். இது பொதுவிடம், எந்தக் கட்டடமும் தடுப்பும் இல்லாமல் என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் கிராமக் கணக்கில் ஓரக்கட்டத்தில் எழுதப்படும் குறிப்பைப் போன்றதுதான். அந்த ஒரு வரி பின்னர் என்னவெல்லாம் செய்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

1850-களில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே நகருக்குள் வர வழி தேடியது. நகராட்சிக்கோ ஏரி அலைகள் கரையை அரிப்பதைத் தடுக்கப் பணம் இல்லை. அலைத்தடுப்பை நீங்கள் கட்டுங்கள், கரையோரமாக ரயில் விட்டுக்கொள்ளுங்கள் என்று 1852-இல் உடன்பாடு ஆனது. தண்ணீருக்குள் கால் ஊன்றிய பாலத்தின்மேல் ரயில் ஓடியது. பணமில்லாத உள்ளாட்சி, பொதுச்சொத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து வேலையை முடித்துக்கொண்ட கதை இது. நமக்கும் பழக்கமான கதை.

1869-இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் இதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தது. நகரின் மையப்பகுதியை ஒட்டி, கரையிலிருந்து ஒரு மைல் தூரம் வரையிலான ஏரியின் அடித்தரையை, 1,000 ஏக்கருக்கும் மேல், அந்த ரயில்வே நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆளுநர் ஜான் பால்மர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அவரது மறுப்பை மீறி நிறைவேற்றியது. நான்கே ஆண்டுகளில், 1873-இல், மக்கள் எதிர்ப்புக்குப் பின் அதே சட்டமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. 'கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது' என்றது நிறுவனம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

1892-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளில் இருவர் விலகிக்கொண்டார்கள். ஒருவர் முன்பு நகருக்காக வாதாடியவர், இன்னொருவர் அந்த நிறுவனத்தின் பங்குதாரர். மீதமிருந்த ஏழு பேரில் நான்கு பேர் மாநிலத்தின் பக்கம், மூன்று பேர் நிறுவனத்தின் பக்கம். ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு சொன்னதன் சாரம் இது: ஏரியின் அடித்தரை மாநிலத்துக்கு உரியதுதான். ஆனால் ஒருவர் தம் வீட்டையோ வயலையோ வைத்திருப்பதைப் போல மாநிலம் அதை வைத்திருக்கவில்லை. மக்கள் படகு விடவும், வணிகம் செய்யவும், மீன் பிடிக்கவும் அவர்களுக்காக ஓர் அறங்காவலரைப் போல வைத்திருக்கிறது. காவல் துறையை ஒரு தனியாருக்கு விற்றுவிட முடியாது அல்லவா, அதைப்போல இந்தப் பொறுப்பையும் மொத்தமாகக் கைகழுவ முடியாது.

கோயில் சொத்தை நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். அறங்காவலர் கையில் சாவி இருக்கும், கணக்கு இருக்கும், குத்தகைக்கு விடும் அதிகாரமும் இருக்கும். ஆனால் அவர் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்ள முடியாது.

இந்தத் தீர்ப்பு எல்லாக் கட்டுமானத்தையும் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொதுமக்களின் பயன்பாட்டை மேம்படுத்தும் துறைமேடைகளுக்கும் படகுத்துறைகளுக்கும் சிறு சிறு பகுதிகளைக் கொடுக்கலாம். மீதியுள்ள நீரில் மக்களின் உரிமைக்குக் குறைவு வரக்கூடாது, அவ்வளவுதான். இன்றைய மெரினாக்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

ஜன்னலிலிருந்து பார்த்த வணிகர்

ஆரோன் மான்ட்கோமரி வார்டு அஞ்சல்வழி வணிகத்தில் பெரும்பணம் சேர்த்தவர். ஏரிக்கு எதிரே மிச்சிகன் சாலையில் இருந்த அவரது அலுவலகத்திலிருந்து பார்த்தால் குப்பை மேடும் கொட்டகைகளும் ரயில் பெட்டிகளும்தான் தெரிந்தன. 1871-இல் சிகாகோ எரிந்தபோது இடிபாடுகளையெல்லாம் கரைக்கும் ரயில் பாலத்துக்கும் இடையில் இருந்த தண்ணீரில் கொட்டியிருந்தார்கள். அப்படி உருவான நிலம்தான் இன்றைய கிராண்ட் பூங்காவின் ஒரு பகுதி.

1890-இல் வார்டு நகராட்சிமீது வழக்குப் போட்டார். அவர் கையில் இருந்த ஆதாரம் 1836 வரைபடத்தின் அந்த ஒரு குறிப்புதான். 1897 முதல் 1911 வரை மாநில உச்ச நீதிமன்றத்தில் நான்கு முறை வென்றார். கரையில் அருங்காட்சியகம் கட்டலாம், அரசுக் கட்டடம் கட்டலாம் என்று எழுந்த யோசனைகள் எல்லாம் நின்றன. ஃபீல்டு அருங்காட்சியகம் பூங்காவுக்குத் தெற்கே புதிதாக மண் கொட்டி நிரப்பிய இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 1893-இல் விவேகானந்தர் பேசிய கட்டடம், அதாவது பின்னாளில் கலைக்கூடமாக மாறியது, மட்டும் விதிவிலக்காக அங்கே நின்றது. அருங்காட்சியகத்தையே தடுப்பவரா என்று ஊரே அவரைத் திட்டியது. இன்று அதே பூங்காவில் ஊரே உலாவுகிறது.

ஒரு படகுத்துறைக்கு நான்கு அதிகாரங்கள்

இன்று சிகாகோவில் ஒரு மெரினா எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அதிகாரம் அடுக்கடுக்காகப் பிரிந்திருப்பது தெரியும்.

ஏரியின் அடித்தரைக்குப் பொறுப்பு மாநில அரசு. தண்ணீருக்குள் தூண் நட வேண்டுமென்றால் அதன் இயற்கை வளத்துறையின் அனுமதி வேண்டும். கப்பல் போக்குவரத்து நடுவண் அரசின் பொறுப்பு என்பதால், 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி ராணுவப் பொறியாளர் படையின் அனுமதியும் வேண்டும். கரையோரம் எது கட்டினாலும், அது தனியார் நிலமாகவே இருந்தாலும், 1973-ஆம் ஆண்டின் ஏரிக்கரைப் பாதுகாப்பு விதிகளின்படி மாநகரத் திட்ட ஆணையம் பொது விசாரணை நடத்திப் பார்க்கும். இதன்பிறகு துறையைக் கட்டி நடத்துவது சிகாகோ பூங்கா மாவட்டம்.

இந்தக் கடைசி அமைப்பு நமக்குப் புதிது. பூங்காக்களுக்கென்றே தனி உள்ளாட்சி! 1934-இல் 22 சிறு பூங்கா அமைப்புகளை ஒன்றாக்கி இதை உருவாக்கினார்கள். மேயர் நியமிக்கும் ஆணையர்கள் இதை நடத்துகிறார்கள். வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. மாநகராட்சியின் ஒரு பிரிவு அல்ல, தனிச் சட்ட உருவம். ஏரிக்கரையில் 10 படகுத்துறைகள் இதன் கையில் உள்ளன. 2012-இல் 31-ஆவது தெருவில் திறக்கப்பட்டதுதான் அண்மையது.

அன்றாட நிர்வாகத்தை ஒப்பந்த அடிப்படையில் ஒரு தனியார் நிறுவனம் பார்க்கிறது. படகுக்காரர் வாங்குவது இடத்தை அல்ல, ஒரு பருவத்துக்குக் கட்டி வைத்துக்கொள்ளும் அனுமதியை. கட்டணம் பூங்கா அமைப்புக்குப் போகிறது. சொத்துரிமைக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது. பேருந்தில் இருக்கைக்குச் சீட்டு வாங்குவதும் இருக்கையையே வாங்குவதும் ஒன்றா என்று கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும்.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. படகு வைத்திருப்பவர் வசதி படைத்தவர். பொதுத் தண்ணீரில் அவருக்கென்று ஒதுக்கும் ஒவ்வோர் இடமும், படகே இல்லாத பெரும்பாலோர் நீந்தவோ தூண்டில் போடவோ முடியாத இடம். கட்டணத்தில் வரும் பணம் மற்றப் பூங்காக்களுக்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் 'வருமானம் வருகிறதே' என்பதை மட்டும் காரணமாக வைத்தால் 1869-இல் ஏரியை எழுதிக் கொடுத்ததும் சரி என்றாகிவிடும். கரையோரப் பாதை அறுபடாமல் இருக்கிறதா, படகில்லாதவர் தண்ணீர் அருகே வர முடிகிறதா என்பதுதான் என் பார்வையில் முதல் சோதனை. சிகாகோவில் 18 மைல் நீளத்துக்கு, அதாவது ஏறக்குறைய 29 கிலோமீட்டருக்கு, ஏரிக்கரை நடைபாதை தொடர்ந்து போகிறது.

பள்ளிக்கூடம் கட்டினால் சரியா?

நல்ல காரியத்துக்காகப் பொதுவிடத்தை எடுத்தால்? ஆசிரியர்களாகிய நம்மைத் தொடும் கேள்வி இது.

சிகாகோவின் வாஷிங்டன் பூங்காவில் பள்ளி கட்டத் திட்டமிட்டபோது சில குடிமக்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1970-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. பூங்கா மக்களின் பெயரால் காக்கப்படும் சொத்து என்பதால் எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம் என்று புதிதாகக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் சட்டமன்றம் இந்த மாற்றத்துக்குத் தெளிவாக அனுமதி தந்திருப்பதால் பள்ளியைக் கட்டலாம் என்றும் முடித்தது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். வழக்குப் போடும் உரிமை வென்றது.

இருபது ஆண்டுகள் கழித்து, லயோலா பல்கலைக்கழகம் தன் வளாகத்தை விரிவாக்க ஏரியில் 18 ஏக்கருக்கும் மேல் மண் நிரப்பக் கேட்டது. மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. கரையோரமாகப் பொதுமக்களுக்கு நடைபாதை அமைத்துத் தருவதாகவும் பல்கலைக்கழகம் சொன்னது. 1990-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்துவிட்டது. பயன் பெறுவது முதன்மையாக ஒரு தனியார் நிறுவனம், கூடவே கொஞ்சம் பொதுப்பயன் என்பது போதாது என்பது காரணம்.

2014-இல் திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தம் செலவில் பெரிய அருங்காட்சியகம் ஒன்றை ஏரிக்கரையில் கட்ட முன்வந்தார். மேயர் ஆதரித்தார். பூங்கா நண்பர்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. இறுதித் தீர்ப்பு வருவதற்குள் 2016-இல் லூகாஸ் சிகாகோவைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் அந்த இடம் அப்போது கார் நிறுத்துமிடம்! கார் நிறுத்துமிடத்தைக் காப்பாற்ற அருங்காட்சியகத்தை விரட்டலாமா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. கோபத்தில் நியாயமும் உண்டு. கார் நிறுத்துமிடத்தை நாளைக்கே புல்வெளியாக்கலாம், பெருங்கட்டடத்தை ஆக்க முடியாது என்பது எதிர்த்தரப்பு. மேல்வகுப்புகளில் பட்டிமன்றம் வைக்க ஏற்ற தலைப்பு. இரண்டு பக்கமும் சரக்கு இருக்கிறது.

அறங்காவலரே அவசரப்பட்ட கதையும் ஒன்று உண்டு. 2003 மார்ச் மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் டேலி, ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் சிறு விமானத்தளத்தின் ஓடுபாதையை எந்திரங்களை விட்டுக் கொத்திப் போட்டார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. உள்ளே நின்ற விமானங்கள் சிக்கிக்கொண்டன. நகரத்துக்கு 33,000 டாலர் அபராதம் விழுந்தது. இன்று அது பூங்கா. பூங்கா நல்லதுதான், யாரையும் கேட்காமல் இரவில் வெட்டியதை நல்ல உள்ளாட்சி என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டேன்.

சிகாகோ தீர்ப்பு இந்தியாவுக்கு வந்த வழி

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஸ்பான் மோட்டல்ஸ் என்ற விடுதி இருந்தது. அதற்கு வன நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. வெள்ளத்திலிருந்து விடுதியைக் காக்க ஆற்றின் போக்கையே மண் அள்ளும் எந்திரங்களால் திருப்பினார்கள். நாளிதழ்ச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் என்ற அந்த வழக்கில் 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, பழைய ரோமானியச் சட்டத்தில் தொடங்கி, 1892-ஆம் ஆண்டின் சிகாகோ ஏரித் தீர்ப்பை எடுத்துக்காட்டி, பொதுப்பொறுப்புக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. குத்தகை ரத்தானது. ஆற்றைச் சீர்செய்யும் செலவையும் விடுதியே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இதனால் என்ன மாறியது? தமிழ்நாட்டில் நில ஆக்கிரமிப்புக்கான 1905-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலகத்தில் 'பி மெமோ' என்று சொல்வார்களே, அது இந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். ஆறு, ஏரி, குளம், வாய்க்கால், நிற்கும் நீர், ஓடும் நீர் எல்லாம் அரசின் சொத்து என்று அச்சட்டம் சொல்கிறது. சொத்து என்றால் உரிமையாளர் நினைத்தபடி கொடுக்கலாம் என்று ஒருவர் வாதாட இடமுண்டு. 1996-க்குப் பிறகு அந்த வாதத்துக்கு முன்னால் ஒரு தடை நிற்கிறது: அரசு உரிமையாளர் மட்டுமல்ல, காப்பாளர். 2007-இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும் வந்தது. ஏரியை அளந்து எல்லை குறிக்க வேண்டும், ஆக்கிரமித்தவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், பிறகு அகற்ற வேண்டும் என்று படிப்படியாக அது வழி சொல்கிறது.

இவ்வளவுக்கும் முன்பே நாம் இழந்தவை பல. சென்னையில் தியாகராய நகர் 1920-களில் எழுந்தது மாம்பலம் பெரிய ஏரியின்மேல். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். ஏரிக்கரைச் சாலை, டேங்க் பண்டு சாலை என்ற பெயர்கள் மட்டும் பலகையில் எஞ்சியிருக்கின்றன.

2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களிலும் குளங்களிலும் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நீண்ட காலம் அங்கே இருந்தது, பெரும் செலவில் கட்டியது என்பதெல்லாம் சாக்காகாது என்றும் சொன்னது. மிக அரிதான விதிவிலக்குகளையும் குறிப்பிட்டது: அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் இனத்தவருக்கோ பழங்குடியினருக்கோ குத்தகை கொடுத்த இடங்கள், ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ வேறு பொதுவசதியோ நிற்கும் இடங்கள்.

வகுப்பறைக்கு

இதை நடத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வகுப்பில் ஏரிப் புறம்போக்கில் குடியிருக்கும் பிள்ளைகள் இருக்கலாம். 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லைக் கேட்டதும் தலைகுனியும் பிள்ளையை நாம் பார்க்காமல் போய்விடக் கூடாது. ஆற்றைத் திருப்பிய விடுதியும், வேறு போக்கிடம் இல்லாமல் கரையில் குடிசை போட்ட குடும்பமும் சட்டப் புத்தகத்தில் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. மேலே சொன்ன விதிவிலக்கு ஏன் எழுதப்பட்டது என்று அந்த இடத்தில் விவாதிக்கலாம். அல்லது சொந்த ஊரை விட்டுவிட்டுச் சிகாகோ கதையை மட்டும் நடத்தலாம். எது பொருந்தும் என்று அந்த வகுப்பை அறிந்த ஆசிரியருக்குத் தெரியும்.

பொருந்துமானால், ஊரின் 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவுச் சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் விவரம் வரும். குறிப்புப் பத்தியில் ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மயானம் என்று எழுதியிருக்கும். பரப்பு ஹெக்டேரில் இருக்கும். அதை ஏக்கருக்கு மாற்றுவது கணக்கு ஆசிரியருக்கான வேலை. ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பா, நீர்வளத் துறையின் பொறுப்பா என்பது அடுத்த கேள்வி. பொதுவாக 100 ஏக்கருக்குக் குறைவான பாசனம் உள்ளவை ஒன்றியத்தின் கையில், அதற்கு மேற்பட்டவை துறையின் கையில். வயதானவர்களிடம் கலிங்கு எங்கே இருந்தது, மடை எத்தனை, மீன் குத்தகை யார் எடுப்பார்கள் என்று கேட்டு வரச் சொல்லலாம். மீன் குத்தகை இங்கே சரியாகப் பொருந்தும்: குத்தகைதாரருக்குக் கிடைப்பது மீன் பிடிக்கும் உரிமை, ஏரி அல்ல.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். பிள்ளைகள் சேகரித்த புல எண்ணையும் பரப்பையும் பெற்றோர் ஒருவர் ஒரு தாளில் எழுதி, எல்லைக்கல் நட்டாயிற்றா என்று அன்றைக்கு எழுந்து கேட்கலாம்.